நின்று பார்த்த இடங்கள்

சட்டையின் காலரைப் பிரித்துப் போட்டு மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது நாத்தனார் வந்து சுவிட்சை அணைத்தாள்.

"போதும் அண்ணி. அது ஏற்கெனவே கசங்காமத்தான் இருக்கு."

பெட்டியில் இன்னும் சூடு இருந்தது. அது ஆறுவதற்குள் அவள் கைப்பட்டிகள் இரண்டையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். துணிக்கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் அளவுக்கு ஆடைகளைக் குறைத்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. இந்தச் சட்டையும் அவள் கை பட்டதுதான். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் பல வருடம் கருவிப்பையைச் சுமந்து அவள் கணவருக்கு வலது தோள் சற்று இறங்கிப்போயிருந்தது. அது வெளியே தெரியாதபடி உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தாள். படுத்திருப்பவருக்குத் தோள் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

உடல் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தது. துணி கொண்டுவந்து கொடுத்தால் அங்கேயே உடுத்தி, வண்டியில் ஏற்றி, நேரே மின்மயானத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் காலை ரயிலில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, வண்டிக்காரரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். நாத்தனார் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டாள். ஆகவேண்டியதெல்லாம் யார் கையாலோ ஆகிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. அதுதான் அவளைப் படாத பாடு படுத்தியது.

அவளுக்கு எப்போதுமே ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா வீட்டில் சொல்வார்கள். தையல் மெஷினுக்கு முன்னால் மட்டும்தான் உட்காருவாள். அங்கேயும் கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நேற்றும் அப்படித்தான். நெஞ்சு வலி என்று அவரைச் சேர்த்திருந்தார்கள். இனி பயமில்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார முடியாமல் அவள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள். பிடித்த தண்ணீர் கலங்கலாக இருப்பதுபோல் பட்டதால் கொட்டிவிட்டு வேறு பிடித்தாள். திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே நாலைந்து ஜோடிக் கால்கள் தெரிந்தன.

எல்லாம் முடிந்தபிறகு பக்கத்துக் கட்டில்காரர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பருத்த மனிதர். முகத்தில் தப்புச் செய்த களை.

"கடைசியா என்ன சொன்னாருன்னு நீங்க கேக்கலையேம்மா."

அவள் நின்றாள்.

"டிவியில மர்மப் படம் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. தோட்டக்காரன்தான் கொலைகாரன், உங்க நேரத்தை வீணாக்காதீங்கன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏன் சார் சொன்னீங்கன்னு திரும்பினேன், கண்ணை மூடியிருந்தாரு. சரி, தூங்குறாருன்னு நானும் படத்தைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." சொல்லலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "ஆனா தோட்டக்காரன் இல்லம்மா. வக்கீலு" என்றார்.

அவளால் அந்த மனிதரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இந்த முகத்தை அவள் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறாள். அவரோடு உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த முகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்தான்.

எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலையில் கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். ஆனால் படம் என்று வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். அதிலும் ஊரெல்லாம் கொண்டாடுகிற படம் என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "ஊரே பாத்தாச்சு. நான் ஒருத்தன் பாக்கலைன்னு அவங்க அழப்போறாங்களா?" என்பார். அவருக்கு வேண்டியது யாரும் சீந்தாத படங்கள். பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்கிற நாடுகளில், பத்து நடிகர்கள்கூட இல்லாமல், கடன் வாங்கிய வீட்டில் எடுத்த மர்மப் படங்கள், விண்வெளிப் படங்கள், காலம் முன்பின்னாகப் போகிற படங்கள். அடியில் வரும் எழுத்து ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக ஓடும். அவர் அசையாமல் பார்ப்பார்.

பூதத்தைக் காட்டப் பணம் இல்லாதவன் கதவைச் சாத்திவிடுவான், சாத்திய கதவுதான் பயம் என்பது அவர் கட்சி. கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்கிற விஞ்ஞானி வந்தால் படம் செத்தது என்பார். விண்வெளிப் படம் ஒன்றில் ஆகாயத்தையே காட்டமாட்டார்களாம். ஒரு அறை, ஒரு நாற்காலி, ஏதோ ஒரு இரைச்சல். உலகத்திலேயே நல்ல விண்வெளிப் படம் அதுதான் என்று சாதிப்பார். படகில் டிக்கெட் பார்க்கிற ஆள்தான் கொலைகாரன் என்று முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, படத்தில் ஒருவருமே அதைக் கண்டுபிடிக்காமல், கடைசியில் அவன் பாட்டுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பதோடு முடிகிற படம் ஒன்று. அதைப் பற்றிப் பேசினால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். லிஃப்ட் கம்பி அறுந்து விழுகிற காட்சி வந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு, கம்பி அறுந்தாலும் பெட்டி எப்படிப் பக்கத்து இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்று கையை வைத்துக் காட்டுவார். அதோடு அந்த இயக்குநர் ஆயுள் முழுக்கத் தள்ளிவைக்கப்படுவார்.

அவள் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வருவாள், அடுப்பை அணைக்கப் போவாள், குப்பையைக் கட்டி வெளியே வைப்பாள். போகிற வருகிற வழியில் சோபாவுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நிற்பாள். எதையாவது ஒன்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவர் திரும்பாமலேயே, "முழுசாப் பாத்துட்டுப் பேசு" என்பார். கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் வலி போய்விட்டது என்று ஆகாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் மேஜை மேல் இருந்த அவருடைய ஃபோன் அடித்தது. திரையில் ‘எதிர்க்கட்சி’ என்று வந்தது.

"யாரும்மா இது?" என்றான் மகன்.

அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை, அந்த ஆள் கூப்பிடுகிற நேரம். ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் இவர் ஒரு படத்தைப் பற்றி நாலு வரி எழுத, அந்த ஆள் அதை மறுத்து எழுத, சண்டை அங்கே இடம் போதாமல் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப்பின் சனிக்கிழமை தவறியதில்லை. நேரில் பார்த்துக்கொண்டதும் இல்லை. ஃபோனை எடுத்துவிட்டால் இவர் போடுகிற சத்தம் கீழ் வீடு வரை கேட்கும். அவள் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவ்வளவு சண்டை போட்டுக்கொண்டு எதற்குப் பேச வேண்டும் என்று ஒருமுறை கேட்டபோது, "சண்டையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவனிடம் ஒரு மணி நேரத்தில் பேசுவதில் கால்வாசிகூட வாரம் முழுக்கத் தன்னிடம் பேசியதில்லையே என்பதுதான் அவளுக்கு. அந்த ஆளை அவள் பெரிய மீசையும் தொப்பையுமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

"எடுக்காதே" என்றாள். மகன் எடுத்துவிட்டான்.

"ஹலோ. அப்பா இல்லங்க... வெளிய போகலங்க... இல்ல, தவறிட்டாரு... தவறிட்டாருங்க." ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். "எதைத் தவற விட்டாருன்னு கேக்கறாரும்மா."

மறுபடியும் முயன்றான். காலமாகிவிட்டார் என்றான். இறந்துவிட்டார் என்றான். ஒவ்வொரு முறையும் குரல் ஏறியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "செத்துட்டாருங்க. எங்கப்பா செத்துட்டாரு" என்று கத்தினான்.

நேற்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. சமையலறையில் நாத்தனார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எதிர்முனையில் ஏதோ கேட்க, மகன் மயானம் இருக்கும் தெருவையும் நேரத்தையும் அதே கத்தலில் சொல்லிவிட்டு வைத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அவருக்குக் காது கேக்காதும்மா. சுத்தமா."

அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பால்கனிக் கதவைப் பார்த்தாள். வண்டி வந்துவிட்டதாகக் கீழேயிருந்து ஹாரன் சத்தம் வந்தது.

மின்மயானத்தின் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் வேறொரு வீட்டுக்காரர்கள். நடுவில் ஒரு மேஜை, அதன் பின்னால் கண்ணாடி போட்ட அலுவலர். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. உடலைப் பார்த்தாயிற்று. சட்டை அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பொத்தானை மட்டும் யாரோ ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார்கள். அவள் குனிந்து அதைச் சரி செய்தாள். பிறகு உடலோடு தட்டு உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது, காத்திருக்கச் சொன்னார்கள்.

நாத்தனார் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அவள் போய் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை வாசித்தாள். வாசித்தது ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மறுபக்கத்து வீட்டுக்காரர்களில் ஒரு பெண், போகிற வருகிற அவளையே கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். குச்சிபோல் ஒல்லி. மீசையும் இல்லை, தொப்பையும் இல்லை. வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தார். கூடத்தை ஒரு பார்வை பார்த்தவர், வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, நேரே ஜன்னலடியில் நின்றிருந்த அவளிடம் வந்தார்.

"நீங்கதானேம்மா?" என்றார். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரல்.

"என்னை எப்படித் தெரியும்?"

அவர் காதைச் சாய்த்தார். அவள் குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள்.

"மத்தவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்களே" என்றார்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். அச்சகத்தில் மெஷின் ஓட்டியவராம். அந்தச் சத்தத்தில் காது போனதாம். மனைவி இல்லை, மகள் வீட்டில் இருக்கிறாராம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான் ஓடி வந்தாராம். "முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டார். அவள் இரும்புக் கதவைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்து நின்றார். கையெடுத்துக் கும்பிடப் போனவர், பாதியில் கையை இறக்கி மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எவ்வளவு பேசியிருக்கோம்" என்றார். "மூஞ்சியை மட்டும் பாக்கல."

பிறகு அவளைப் பார்த்து, "உங்ககிட்டப் பேசணும்னு எத்தனையோ தடவை கேட்டேன். ஃபோனைக் குடுங்கன்னா குடுக்க மாட்டாரு. அவங்க ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க, ஃபோனைக் குடுத்தா அதையும் எடுத்துக்கிட்டுத் துணி காயப்போடப் போயிடுவாங்கன்னு சொல்வாரு" என்றார்.

"எங்கிட்ட என்ன பேசணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க. நான் வருஷக்கணக்காச் சண்டை போட்டதே உங்களோடதான்."

கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன. நாத்தனார் எழுந்து வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

கிழவர் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு விளங்கியது. எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் அவள் கணவர் தன் கருத்தைச் சொல்லிவிட்டு, "ஆனா எங்க வீட்டுல வேற மாதிரி சொல்றாங்க" என்று ஆரம்பிப்பாராம். அப்புறம் அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு வாதாடுவாராம். படகு டிக்கெட்காரன் படத்தில், அந்த ஆள் கொலை செய்த கையால் டிக்கெட்டைக் கிழிப்பதில்லை, மற்ற கையால்தான் கிழிக்கிறான் என்று அவள் போகிறபோக்கில் சொன்னதை, இரண்டு சனிக்கிழமை வைத்துப் பேசினார்களாம். அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

"ஒரு படம் நல்ல படமா இல்லையான்னு கேட்டா, முதல்ல ஒண்ணுதான் சொல்வாரு. அவங்க நின்னாங்கம்பாரு. இல்லைன்னா, நிக்காமப் போயிட்டாங்கம்பாரு. நீங்க நிக்காத படத்தை நானும் பாக்கறதில்ல."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டி ஓட்டுநர்கள் இருவர் நிழலில் நின்று ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சிரித்தபடியே தண்ணீர் பாட்டிலை இன்னொருவனிடம் தூக்கிப் போட்டான்.

"அந்தச் சுரங்கப் படம் மட்டும் இன்னும் முடியல" என்றார் கிழவர்.

அந்தப் படம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. படம் என்றால் அவள் நின்று பார்த்த துண்டும் அவர் சொன்ன கதையும். மலையைக் குடைந்து வழி போடுகிறவர்கள், சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். பல மாதம் கழித்து ஒருவன் மட்டும் மலையின் மறுபக்கத்திலிருந்து நடந்து வருகிறான். உடம்பு இளைக்கவில்லை, சட்டையில் அழுக்கில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். அவன் அவளுடைய புருஷன்தானா, மலை செய்து அனுப்பிய வேறு ஏதோ ஒன்றா என்று கடைசி வரை சொல்லமாட்டார்கள். அவள் காய்ந்த துணியோடு வந்து நின்றபோது, அந்த மனைவி அலமாரியைத் திறந்து, எப்போதும் அவனுக்கு ஊற்றிக் கொடுக்கும் கப்பை நோக்கிக் கையை நீட்டி, நிறுத்தி, பக்கத்தில் இருந்த வேறொரு கப்பை எடுத்தாள். அவ்வளவுதான் இவள் பார்த்தது. "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அது அவ புருஷன் இல்லன்னு. தெரிஞ்சேதான் சேத்துக்கறா. தனியாக் கெடக்கறதுக்கு இது தேவலைன்னு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். முழுசாப் பாத்துட்டுப் பேசு என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"நான் சொல்றேன், அது அவ புருஷனேதான்" என்றார் கிழவர். "அந்தக் கப்புல ஒண்ணுமே இல்ல. அழுக்கா இருந்திருக்கும், கழுவி இருக்க மாட்டா. அதான் வேற எடுத்தா."

"கழுவாத கப்பு அலமாரியில எப்படி இருக்கும்?"

"என்ன?"

"கழுவாத கப்பை யாராச்சும் அலமாரியில வெப்பாங்களா? தொட்டியில இல்ல கெடக்கும்" என்று அவள் கத்தினாள்.

மேஜைக்குப் பின்னாலிருந்த அலுவலர் நிமிர்ந்து, "கொஞ்சம் மெதுவாம்மா" என்றார். மறுபக்கத்து வீட்டுக்காரப் பெண் சட்டென்று, "அவங்க சொல்றது சரிதானே" என்று தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை அவரு சொல்லவே இல்லையே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட" என்றார் கிழவர்.

"அவரு கப்பு கழுவினாத்தானே."

கிழவர் சிரித்தார். சிரிப்பு பெரிய குரலில்தான் வந்தது. மூலையில் நின்றிருந்த மகனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சிரித்த வாக்கிலேயே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டான், தோள் குலுங்கியது. அவள் போய் அவன் முதுகில் கை வைத்தாள். நாத்தனார் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். சாம்பலை நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நாத்தனாரை வண்டியில் அனுப்பிவைத்தார்கள். அவளையும் ஏறச் சொன்னார்கள். இவரை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்குள் நடக்கவும் ஆரம்பித்திருந்தாள். கிழவர் பின்னால் வேகமாக வந்தார், மகன் அவருக்குப் பின்னால் வந்தான்.

வழியில் கிழவர் பேசிக்கொண்டே வந்தார். ஆகாயத்தைக் காட்டாத அந்த விண்வெளிப் படத்தில் வருகிற இரைச்சல், இயக்குநர் தன் வீட்டு ஃப்ரிட்ஜை அணைக்க மறந்ததால் வந்தது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதைச் சொன்னதற்கு அவள் கணவர் ஒரு வாரம் ஃபோனை எடுக்கவில்லையாம். அவளுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலை முழுக்க வீடு அமைதியாக இருந்தது. அவர் பால்கனியில் வந்து நின்று, அவள் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். தள்ளி நில்லுங்கள், ஈரம் படும் என்று அவள் சொன்னாள். அவர் தள்ளி நின்றார். ஆனால் உள்ளே போகவில்லை.

பஸ் வந்தது. கிழவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். போய் வருகிறேன் என்று இருவரும் தலையாட்டி முடித்தபிறகு பார்த்தால், பஸ் கொஞ்ச தூரம் நகர்ந்து சிக்னலில் நின்றுவிட்டது. அவளும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். மறுபடியும் நேருக்கு நேர் ஆகிவிட்டது. கிழவர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"அங்க எல்லாரும் இருந்தாங்க, கேக்கல. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்தப் படத்துல வர்ற மாதிரி ஒருத்தன் வந்து கதவைத் தட்டினா, நீங்க உள்ள விடுவீங்களா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகன் "சார்" என்று ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கதவு வரைக்கும் வர வேண்டியதில்லீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "அவன் வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். எப்படின்னா..."

பச்சை விழுந்தது. பஸ் ஒரு உலுக்கலோடு கிளம்பியது. கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, கழுத்தை வெளியே நீட்டியபடியே போனார்.

"அவரு லிஃப்ட்ல வர மாட்டாரு" என்று அவள் சாதாரணக் குரலில் சொல்லி முடித்தாள். "நம்ம வீட்டுக்கு மட்டும் படியிலதான் ஏறி வருவாரு. திருப்பத்துல வந்ததும் கைப்பிடிக் கம்பியை ஒரு தட்டு தட்டுவாரு."

சிக்னல் மறுபடியும் சிவப்புக்கு மாறியது. வேறொரு பஸ் வந்து அதே இடத்தில் நின்றது. அதன் ஜன்னலோரத்தில் இருந்தவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.